ஊசியும் கம்பிவலையும்

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் ரத்தக்கட்டி அடைத்துப் பக்கவாதம் வந்தால், அந்தத் தமனியைத் திறக்க இன்றைய மருத்துவத்திடம் இரண்டு வழிகள் இருக்கின்றன. கையில் ஊசி போட்டு, மருந்தால் கட்டியைக் கரைப்பது ஒன்று. தொடை இடுக்கில் உள்ள தமனி வழியே மெல்லிய குழாயை மூளை வரை ஏற்றி, கட்டியைக் கம்பிவலையில் சிக்கவைத்து வெளியே இழுப்பது இன்னொன்று.

முதல் வழிக்கு சி.டி. ஸ்கேன் கருவியும் மருந்தும், அதைக் கொடுத்துப் பழகிய மருத்துவரும், விடாமல் கண்காணிக்கும் செவிலியரும் போதும். இரண்டாவதற்கு ஆஞ்சியோ அறை வேண்டும். மூளைத் தமனிகளுக்குள் வேலை செய்யப் பயின்ற நிபுணர் வேண்டும். நள்ளிரவில் கூப்பிட்டாலும் வந்து நிற்கும் குழு வேண்டும். கொங்கு நாட்டில் அத்தகைய குழுக்கள் பெரிய நகரங்களில், முக்கியமாகக் கோவையில்தான் இருக்கின்றன. நோயாளிகளோ தாளவாடியிலும் வால்பாறையிலும் தாராபுரத்திலும் வெள்ளகோவிலிலும் இருக்கிறார்கள்.

ஆகவே "இரண்டில் எது சிறந்தது?" என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். யாருக்கு, எந்த ஊரில், விழுந்து எத்தனை மணி நேரத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்த அத்தியாயம் முதலில் ஆய்வுகள் சொல்வதைப் பார்க்கிறது. பிறகு அந்த விடையைக் கொங்கு நாட்டுச் சாலைகளில் வைத்துப் பார்க்கிறது. முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரிய அடைப்பு வந்தவருக்கு இவை ஒரே சிகிச்சையின் இரண்டு கட்டங்கள். முதல் கட்டம் நோயாளியின் வீட்டுக்கு அருகில் நடக்க வேண்டும். அப்படி நடக்காத வரை, இரண்டாம் கட்டம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் பலருக்கு அது கைக்கு எட்டாது.

அடைப்புக்குப் பின்னால் நடப்பது

மூளை எதையும் சேமித்து வைப்பதில்லை. ஆக்சிஜனும் சர்க்கரையும் நொடிக்கு நொடி வந்துகொண்டே இருக்க வேண்டும். பெரிய தமனி ஒன்று அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டுச் சொன்னார். அது சராசரிக் கணக்கு. சிலருக்கு இதைவிட வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் அழிவு நடக்கிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பக்கத்துத் தமனிகள். கீழ்பவானி வாய்க்காலில் ஒரு மதகு அடைபட்டால் அதன் கீழுள்ள வயல் முழுவதும் அன்றைக்கே கருகிவிடுவதில்லை. மதகை ஒட்டிய பாத்தி முதலில் காய்கிறது. அடுத்த வாய்க்காலின் கசிவு எட்டும் இடங்களில் பயிர் வாடித் தலைசாய்ந்து நின்றாலும் வேரில் உயிர் இருக்கும். மூளையிலும் அப்படித்தான். அடைப்பின் நடுப்பகுதி சில நிமிடங்களில் செத்துவிடுகிறது. அதைச் சுற்றிய பகுதி வேலையை நிறுத்திவிட்டாலும் சாகாமல் கிடக்கிறது. கை அசையவில்லை, பேச்சு வரவில்லை என்பதால் அந்தப் பகுதி போய்விட்டது என்று பொருளில்லை. ரத்தம் திரும்ப வந்தால் அது மீளும். ஊசியும் கம்பிவலையும் போராடுவது இந்தப் பகுதியை மீட்கத்தான்.

ஒன்றை மறக்கக்கூடாது. பக்கவாதங்களில் பெரும்பாலானவை அடைப்பால் வருபவை. மீதியில் ரத்தக்குழாய் வெடித்துக் கசிகிறது. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதே கோணிய வாய், அதே தொங்கிய கை. கசிவு இருப்பவருக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு அனுபவம் உள்ள மருத்துவரானாலும் ஸ்கேன் பார்க்காமல் ஊசியைத் தொட முடியாததற்கு இதுதான் காரணம். இந்த ஒரு நிபந்தனைதான் பக்கவாத சிகிச்சையின் புவியியலையே தீர்மானிக்கிறது.

கரைக்கும் மருந்தின் கதை

ரத்தக்கட்டியைக் கரைக்க முதலில் கிடைத்த மருந்து ஸ்ட்ரெப்டோகைனேஸ். மாரடைப்பில் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய மருந்து அது. 1990-களில் அதைப் பக்கவாதத்துக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மூளைக்குள் ரத்தக்கசிவும் மரணமும் கூடியதால் அந்த ஆய்வுகளைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

அடுத்து வந்தது ஆல்டிபிளேஸ். நம் உடலே சுரக்கும் ஒரு புரதத்தை ஆய்வகத்தில் பெருக்கி எடுத்த மருந்து இது. அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1995 டிசம்பரில் வெளியானது. விழுந்த 3 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில், பெரிய ஊனமின்றி மீண்டவர்களின் எண்ணிக்கை கணிசமாகக் கூடியிருந்தது. அதோடு ஒரு விலையும் இருந்தது. நிலைமையை மோசமாக்கும் மூளைக் கசிவு, மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 0.6 சதவீதம் பேருக்கும் ஏற்பட்டது. அப்படியிருந்தும் மூன்று மாத முடிவில் இறப்பு கூடவில்லை. 1996-இல் அமெரிக்கா இந்த மருந்தை ஏற்றது. 2008-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று கால எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது.

இந்த நேரக் கணக்கின் உண்மையான எடை 2014-இல் தெரிந்தது. ஒன்பது ஆய்வுகளின் 6,756 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, 3 மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களில் கிட்டத்தட்ட 33 சதவீதம் பேர் ஊனம் ஏதுமின்றி, அல்லது பெயரளவுக் குறையோடு மீண்டிருந்தார்கள். ஊசி பெறாதவர்களில் அது 23 சதவீதம். மூன்றிலிருந்து நாலரை மணிக்குள் பெற்றவர்களில் இந்த இடைவெளி 35-க்கு 30 என்று சுருங்கிவிட்டது. நூறு பேருக்கு ஊசி போட்டால், சீக்கிரம் வந்த கூட்டத்தில் பத்துப் பேர் கூடுதலாகத் தப்புகிறார்கள். தாமதமாக வந்த கூட்டத்தில் ஐந்து பேர்தான். மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். பலனைப் பாதியாக்கியது கடிகாரம்.

ஆல்டிபிளேஸைக் கொடுக்கும் முறையில் ஒரு சிரமம் உண்டு. எடைக்கு ஏற்பக் கணக்கிட்ட மருந்தில் பத்தில் ஒரு பங்கை முதல் நிமிடத்திலும், மீதியை ஒரு மணி நேரம் பம்ப் வழியாகவும் செலுத்த வேண்டும். அது ரத்தத்தில் சில நிமிடங்களே தாங்குவதால் இந்த ஏற்பாடு. மருந்து ஓடும்போது நோயாளியை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால், பம்பும் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவரும் ஆம்புலன்ஸில் கூடவே போக வேண்டும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது டெனெக்டிபிளேஸ். ஆல்டிபிளேஸின் அமைப்பில் சில இடங்களை மாற்றிச் செய்த மருந்து. ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும். கட்டியை இன்னும் குறிபார்த்துப் பிடிக்கும். பொடியாக வரும் மருந்தை நீரில் கரைத்து, குலுக்காமல் மெல்லச் சுழற்றி, எடை பார்த்து ஊசிக்குழலில் எடுத்துச் சில நொடிகளில் செலுத்திவிடலாம். பெரும்பாலான ஆய்வுகள் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் என்ற அளவில், 25 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் கொடுத்தன. கனடாவில் 1,600 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான 'ஆக்ட்' ஆய்வில், டெனெக்டிபிளேஸ் பெற்றவர்களில் 36.9 சதவீதம் பேரும் ஆல்டிபிளேஸ் பெற்றவர்களில் 34.8 சதவீதம் பேரும் நன்றாக மீண்டார்கள். மூளைக் கசிவும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. எந்த வகையிலும் பழைய மருந்துக்குக் குறைவில்லை என்று நிலைநாட்டப்பட்டது.

இதில் இந்தியாவுக்கு ஒரு முன்னோடிப் பெருமை உண்டு. அமெரிக்கா டெனெக்டிபிளேஸைப் பக்கவாதத்துக்கு 2025 மார்ச்சில்தான் அனுமதித்தது. புனேயில் தயாராகும் டெனெக்டிபிளேஸுக்கு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இலேயே அந்த அனுமதியைக் கொடுத்துவிட்டது. ஒரே ஊசியில் முடிகிற, பம்ப் தேவைப்படாத, இங்கேயே செய்யப்படுகிற மருந்து சின்ன ஊர் மருத்துவமனைக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஊசி தோற்கும் இடம்

ஊசி மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. சின்னத் தமனியின் சின்னக் கட்டியை அது நன்றாகக் கரைக்கிறது. கழுத்திலிருந்து மண்டைக்குள் ஏறும் கரோட்டிட் தமனியின் உச்சியிலோ, அங்கிருந்து பிரியும் நடுமூளைத் தமனியின் தொடக்கத்திலோ நீளமான கட்டி உட்கார்ந்துவிட்டால் மருந்து பெரும்பாலும் அதன் மேற்பரப்பை அரிப்பதோடு நின்றுவிடுகிறது. கம்பிவலைச் சிகிச்சைக்குக் காத்திருந்த 202 பேரிடம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஆல்டிபிளேஸ் பெற்றவர்களில் 10 சதவீதம் பேருக்கும், டெனெக்டிபிளேஸ் பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்கும் மட்டுமே குழாய் நுழைவதற்கு முன்பே ரத்தம் திரும்பியிருந்தது. புதிய மருந்து இரண்டு மடங்கு வலியது என்பது நல்ல செய்தி. ஆனால் பெரிய அடைப்பில் ஐந்தில் நாலு பேருக்கு அதுவும் போதவில்லை. இந்த நாலு பேருக்காகத்தான் கம்பிவலை வந்தது.

கம்பிவலை வந்த வழி

கட்டியை இழுத்து எடுக்கும் முதல் கருவிக்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. திருகுச்சுருள் போன்ற கம்பி அது. கருவி வந்துவிட்டது, நோயாளி பிழைத்தாரா என்பதற்குச் சான்று வரவில்லை. 2013-இல் மூன்று பெரிய ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளியாயின. மூன்றுமே, வழக்கமான சிகிச்சையைவிடக் கருவிச் சிகிச்சை மேலானதல்ல என்றன. பல நாடுகளில் இந்தத் துறையே சோர்ந்து போனது.

தவறு எங்கே என்று தேடியவர்கள் மூன்று காரணங்களைக் கண்டார்கள். பழைய கருவிகள் கட்டியை முழுதாக எடுக்கவில்லை. பெரிய தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று உறுதிசெய்யாமலே பலரை ஆய்வில் சேர்த்திருந்தார்கள். சிகிச்சை தொடங்கவும் வெகுநேரம் ஆகியிருந்தது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் இவற்றில் முதல் இரண்டையும் தவிர்த்து 500 பேரிடம் நடத்திய 'எம்.ஆர். கிளீன்' ஆய்வின் முடிவை 2014 அக்டோபரில் இஸ்தான்புல் மாநாட்டில் அறிவித்தார்கள். யார் துணையும் இல்லாமல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்குத் திரும்பியவர்கள், கம்பிவலைக் குழுவில் 32.6 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவில் 19.1 சதவீதம். 2015-இல் மேலும் நான்கு ஆய்வுகள் அதையே உறுதிசெய்தன.

ஐந்தையும் சேர்த்து, 1,287 நோயாளிகளின் விவரங்களோடு 2016-இல் வெளியான அலசல்தான் இந்தத் துறையின் அடித்தளம். தன் காலில் நிற்கும் நிலைக்கு வந்தவர்கள் 46 சதவீதம், எதிரணியில் 26.5 சதவீதம். கம்பிவலைச் சிகிச்சை பெறும் ஒவ்வொரு 2.6 பேரிலும் ஒருவருக்கு ஊனம் ஒரு படியாவது குறைகிறது. படுக்கையில் கிடந்திருக்க வேண்டியவர் எழுந்து உட்காரலாம். பிடித்து நடந்திருக்க வேண்டியவர் தனியாக நடக்கலாம். மருத்துவத்தின் எந்தத் துறையிலும் இவ்வளவு வலுவான பலன் அபூர்வம்.

இந்த எண்களை வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்து ஆய்வுகளிலும், இரண்டு குழுக்களிலுமே, நோயாளிகளில் பெரும்பாலோர் ஊசி மருந்தையும் பெற்றிருந்தார்கள். அங்கே ஒப்பிடப்பட்டவை "ஊசியும் கம்பிவலையும் சேர்ந்து" என்பதும் "ஊசி மட்டும்" என்பதும்தான். கம்பிவலை ஊசியைத் தோற்கடித்துவிட்டது என்று அதற்குப் பொருள் சொல்வது பிழை.

2018-இல் காலக் கதவும் அகன்றது. ஸ்கேனில் மீட்கக்கூடிய பகுதி இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்த 'டான்' ஆய்வு, விழுந்து 6 மணி முதல் 24 மணி நேரம் வரை ஆனவர்களுக்குக் கம்பிவலைச் சிகிச்சை செய்தது. தன் காலில் நின்றவர்கள் 49 சதவீதம், எதிரணியில் 13 சதவீதம். இரவு நன்றாகப் படுத்து, விடிகாலையில் கை கால் வராமல் எழுபவர்களுக்கு, எப்போது வந்தது என்றே தெரியாததால் முன்பு எந்த வழியும் இருக்கவில்லை. இந்த ஆய்வு அவர்களுக்கு ஒரு வழியைத் திறந்தது. ஆனால் 24 மணி நேரம் இருக்கிறதே என்று யாரும் நிதானிக்கக் கூடாது. அது பக்கத்துத் தமனிகள் வலுவாக இருந்து, ஸ்கேன் சோதனையில் தேறியவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை.

ஆஞ்சியோ அறைக்குள்

அந்த அறையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்கலாம். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, தமனிக்குள் ஒரு சின்ன நுழைகுழாயை வைக்கிறார்கள். அதன் வழியே நீண்ட குழாய் ஒன்று மகாதமனியில் ஏறி, இதயத்தின் மேல் வளைவைத் தாண்டி, கழுத்துத் தமனிக்குள் போய் நிற்கிறது. உள்ளே சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் தமனிகள் கிளைவிட்ட மரமாகத் திரையில் தெரியும். ஒரு கிளை மட்டும் திடீரென்று நின்றுபோயிருக்கும். அங்கேதான் கட்டி.

இப்போது நூல் போன்ற நுண்குழாய் ஒன்றைக் கட்டிக்குள் நுழைத்து அந்தப்பக்கம் கொண்டுபோகிறார்கள். அதற்குள் மடங்கிக் கிடக்கும் வலைக்கூண்டை மெல்ல விரிக்கிறார்கள். நிக்கல்-டைட்டேனியம் கலவையால் ஆன அந்தக் கூண்டின் விட்டம் பெரும்பாலும் 4 முதல் 6 மில்லிமீட்டர். விரிந்த வலையின் கண்களுக்குள் கட்டி பதிய, சில நிமிடம் காத்திருக்கிறார்கள். பிறகு பெரிய குழாயில் உறிஞ்சிக்கொண்டே, வலையை நிதானமாகப் பின்னால் இழுக்கிறார்கள். வெளியே வரும் கட்டி பெரும்பாலும் மிகச் சிறியதாகவே இருக்கும். மீண்டும் சாயம் விட்டால், இல்லாமல் போயிருந்த கிளை திரையில் கிளைத்து நிற்கும்.

வலை இல்லாமல் அகலமான குழாயை நேராகக் கட்டியிடம் கொண்டுபோய் உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பலன் ஏறக்குறைய சமம். கைப்பழக்கமும் கட்டியின் இடமும்தான் தேர்வைத் தீர்மானிக்கின்றன. ஆபத்துகளும் உண்டு: தமனிச் சுவரில் ஓட்டை விழலாம், கட்டியின் துண்டு உடைந்து வேறு கிளையை அடைக்கலாம். இந்தியர் உள்ளிட்ட ஆசியர்களுக்கு மண்டைக்குள் இருக்கும் தமனிகளிலேயே கொழுப்புப் படிந்து குறுகியிருப்பது அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் கட்டியை எடுத்த பின்பும் தமனி மறுபடி மூடிக்கொள்ளக்கூடும். பலூன் வைத்து விரிக்க வேண்டிவரலாம். மேலை நாட்டு எண்களை நம் நோயாளிக்கு அப்படியே பொருத்தாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

ஊசியைத் தாண்டிப் போகலாமா?

கம்பிவலை இவ்வளவு வலியது என்றால், ஊசியைத் தவிர்த்து நேராக அதற்கே போய்விடலாமே? மருந்துச் செலவு மிச்சம், கசிவு அபாயமும் குறையும் என்று பலரும் எண்ணினார்கள். சீனா, ஜப்பான், ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் ஆறு ஆய்வுகள் நடந்தன. 2023-இல் 2,313 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, ஊசியைத் தவிர்ப்பது பாதகமில்லை என்று நிறுவ முடியவில்லை. அடுத்த ஆண்டு அதே தரவுகளிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. விழுந்து சுமார் 2 மணி 20 நிமிடத்துக்குள் ஊசி கிடைத்தவர்களுக்கு, கம்பிவலையோடு சேர்ந்த ஊசி தெளிவான கூடுதல் பலன் தந்திருந்தது. நேரம் ஆக ஆக அந்தப் பலன் மங்கியது.

2025-இல் சீனாவிலிருந்து வந்த 'பிரிட்ஜ் டி.என்.கே.' ஆய்வு இதை இன்னும் உறுதியாக்கியது. 550 பேரில், டெனெக்டிபிளேஸும் கம்பிவலையும் பெற்றவர்களில் 52.9 சதவீதம் பேர் தன் காலில் நின்றார்கள். கம்பிவலை மட்டும் பெற்றவர்களில் 44.1 சதவீதம்.

இந்த ஆய்வுகள் எல்லாம் ஊசியும் கம்பிவலையும் ஒரே கட்டடத்தில் கிடைக்கும் மருத்துவமனைகளை மையமாக வைத்தவை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கும்போதே ஊசி தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே நூறு கிலோமீட்டர் மலைப்பாதை கிடந்தால் ஊசியின் மதிப்பு இன்னும் எவ்வளவு கூடும் என்று யோசித்துப் பாருங்கள்.

பீளமேடு, தாராபுரம், வால்பாறை

ஒரே தமனியில் ஒரே அளவு கட்டி மூன்று பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பீளமேட்டில் பம்ப் பட்டறை வைத்திருப்பவர். ஒருவர் தாராபுரம் பக்கத்து விவசாயி. ஒருவர் வால்பாறையில் தேயிலை பறிக்கும் அம்மா.

பீளமேட்டுக்காரர் சில நிமிடங்களில், இரண்டு சிகிச்சையும் கிடைக்கும் மருத்துவமனையை எட்டிவிடலாம். அவருக்கு விடை எளிது: தடை இல்லையென்றால் உடனே ஊசி, பின்னாலேயே கம்பிவலை. தாராபுரத்துக்காரருக்குக் கோவை சுமார் 80 கிலோமீட்டர். வால்பாறை அம்மா ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, பொள்ளாச்சி தாண்டி, நூறு கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். வழியில் ஸ்கேனும் மருந்தும் உள்ள மருத்துவமனையில் நிறுத்தி ஊசி போட்டுக்கொண்டு வருவதா, நேராகக் கோவைக்கே வந்துவிடுவதா?

இதே கேள்வியை ஸ்பெயினின் கேட்டலோனியா மாநிலம் ஆய்வாகவே நடத்தியது. நகரத்துக்கு வெளியே பெரிய அடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 1,401 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேரைப் பக்கத்து மருத்துவமனைக்கும் மீதிப்பேரை நேராகப் பெரிய மையத்துக்கும் அனுப்பினார்கள். 'ரேஸ்கேட்' என்ற அந்த ஆய்வு 2022-இல் வெளியானது. அடைப்பு உறுதியானவர்களில், பக்கத்து மருத்துவமனைக்குப் போன 60 சதவீதம் பேருக்கு ஊசி கிடைத்தது. நேராகப் போனவர்களில் 47.5 சதவீதம் பேருக்கே கிடைத்தது. கம்பிவலை இதற்கு நேர்மாறு: 39 சதவீதம், 49 சதவீதம். மூன்று மாதம் கழித்து இரு குழுக்களும் சமமாகவே இருந்தன.

இதைப் பார்த்து "எப்படிப் போனாலும் ஒன்றுதான்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்டலோனியாவின் சின்ன மருத்துவமனைகள் பக்கவாதத்துக்கென்று தயார்ப்படுத்தப்பட்டவை. நோயாளி வந்ததும் ஸ்கேன், உடனே ஊசி, நிபுணரோடு தொலைத்தொடர்பு, காத்திருக்கும் ஆம்புலன்ஸ் என்று எல்லாம் ஓடுகிற இடத்தில்தான் இந்தச் சமநிலை கிடைத்தது. ஊசி போட வழியில்லாத மருத்துவமனையில் ஒரு மணி நேரம் சீட்டு எழுதி, சலைன் ஏற்றி, "கோயமுத்தூருக்குக் கொண்டுபோங்க" என்று அனுப்பினால் நோயாளி இரண்டையும் இழக்கிறார். ஆகவே தாராபுரத்துக்காரருக்கும் வால்பாறை அம்மாவுக்கும் சரியான விடை, வழியில் உள்ள மருத்துவமனை தயாராக இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

கோவை ஏற்கெனவே காட்டிய வழி

இப்படி ஒரு வலைப்பின்னலைக் கட்ட முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் இதய மருத்துவத்தைப் பார்க்கலாம். மாரடைப்புக்கும் இதே இரண்டு வழிகள்: கரைக்கும் மருந்து, ஆஞ்சியோ. கோவை மெடிக்கல் சென்டர் மருத்துவமனையின் இதயநோய் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும், சென்னையின் அஜித் முல்லாசரி உள்ளிட்ட மருத்துவர்களும், சின்ன மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைக்கும் திட்டம் ஒன்றைத் தமிழ்நாட்டின் நான்கு தொகுப்புகளில் நடத்தினார்கள். சின்ன மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து மருந்து கொடுத்தார்கள். பிறகு பெரிய மையத்துக்கு அனுப்பி ஆஞ்சியோ செய்தார்கள். 2,420 நோயாளிகளின் விவரங்களோடு 2017-இல் வந்த முடிவின்படி, ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. மருந்தையும் ஆஞ்சியோவையும் எதிரெதிரே நிறுத்தாமல் அடுத்தடுத்து வைத்ததன் பலன் இது.

பக்கவாதத்துக்கு இதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. மாரடைப்பை இ.சி.ஜி. தாளிலேயே கண்டுபிடித்துவிடலாம், பக்கவாதத்துக்கு சி.டி. வேண்டும். அந்தக் கருவியையே வண்டியில் ஏற்றிவிடும் முயற்சி ஜெர்மனியில் 2008-இல் தொடங்கியது. கோவையில் ராயல் கேர் மருத்துவமனை 2018-இல் இத்தகைய வண்டியை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் இவ்வண்டிகளை ஆராய்ந்தபோது, விழுந்ததிலிருந்து ஊசி போடும் வரையான நேரம் 108 நிமிடத்திலிருந்து 72 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் இவ்வண்டிகள் விலை மிகுந்தவை. மக்கள் நெருக்கமான நகரத்துக்கே பொருந்துகின்றன. வால்பாறைக்கும் தாளவாடிக்கும் தேவை வேறு வகை.

அதற்கு முன்மாதிரி இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கிறது. 2014 முதல் அங்கே சி.டி. கருவி உள்ள மாவட்ட மருத்துவமனைகளில் பொது மருத்துவர்களே ஊசி போடுகிறார்கள். ஸ்கேன் படம் கைப்பேசியில் போகிறது. சிம்லாவிலோ டாண்டாவிலோ இருக்கும் நரம்பியல் மருத்துவர் பார்த்துவிட்டு "போடலாம்" என்கிறார். மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. கொங்கு நாட்டுக்கு இதைவிட நல்ல அடித்தளம் இருக்கிறது. கோவை, சேலம், பெருந்துறை, கரூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. 2022 ஜனவரியில் திருப்பூர், நாமக்கல், நீலகிரியிலும் வந்துவிட்டன. தமிழ்நாடு அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் பக்கவாதமும் ஒரு பிரிவு. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. இந்தத் துண்டுகளை ஒரே இழையில் கோப்பதுதான் வேலை: ஒவ்வொரு வட்டத்திலும் இரவும் பகலும் ஸ்கேன், அலமாரியில் எப்போதும் டெனெக்டிபிளேஸ், தொலைபேசியின் மறுமுனையில் நரம்பியல் மருத்துவர், வாசலில் ஆம்புலன்ஸ்.

வீட்டில் தொடங்கும் சிகிச்சை

எல்லாம் இருந்தும், நோயாளி வரவில்லையென்றால் பயனில்லை. "காலைலயே கை மரத்துப்போச்சுன்னாருங்க, செத்த படுத்து எந்திரிச்சாச் செரியாப் போயிருமுன்னு உட்டுட்டமுங்க" என்பது அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கேட்டுப் பழகிய பேச்சு. பக்கவாதத்தில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. நெஞ்சுவலி தரும் பயத்தை அது தருவதில்லை. அதனால்தான் எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதும், புறா ரத்தம் பூசுவதும், ஊர் வைத்தியரிடம் போவதும் என்று பொன்னான நேரம் போய்விடுகிறது.

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். திடீரென்று ஒரு கண் பார்வை போவதும், நிற்க முடியாமல் தள்ளாடுவதும் இதே எச்சரிக்கைதான். விழுங்கும் தசை செயலிழந்திருக்கலாம் என்பதால் காப்பி, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். கசிவா அடைப்பா என்று தெரியாமல் ஆஸ்பிரினும் கூடாது.

மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "கடைசியா எப்பங்க நல்லா இருந்தாரு?" என்பது. கண்டுபிடித்த நேரத்தைச் சொல்லக்கூடாது. கடைசியாக நல்லபடியாகப் பேசிய நேரத்தைச் சொல்ல வேண்டும். நூற்பாலையில் இரவுப் பணி முடிந்து விடிகாலை வீட்டுக்கு வந்து படுத்தவர் என்றால், வாசலில் யாரோடு பேசினார், கடைசியாக யாருக்கு போன் செய்தார் என்பதும் சிகிச்சையை மாற்றும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்ததா என்ற விவரமும் மாத்திரைச் சீட்டும் கையோடு போக வேண்டும். ரத்த அழுத்தம் 185/110-க்கு மேல் இருந்தால் அதைக் குறைத்த பிறகே ஊசி. சர்க்கரை தாழ்ந்திருந்தாலும் பக்கவாதம் போலவே தெரியும் என்பதால் அதையும் உடனே பார்ப்பார்கள்.

இதற்கெல்லாம் முன்பே, எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு நாளில், ஒன்றை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இரவு பன்னிரண்டு மணிக்கும் சி.டி. எடுக்கும் மருத்துவமனை எது? பக்கவாத ஊசி அங்கே இருப்பில் இருக்கிறதா? இல்லையென்று பதில் வந்தால், அதை ஊராட்சியிலும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். சாலைக்கும் குடிநீருக்கும் நாம் கேட்கவில்லையா? கம்பிவலை கோவையில் இருக்கிறது, அதை இயக்கும் தேர்ந்த கைகளும் இருக்கின்றன. அந்தக் கைகள் வரை மூளையை உயிரோடு கொண்டுவந்து சேர்க்கும் முதல் ஊசி ஒவ்வொரு வட்டத் தலைநகரிலும் கிடைக்க வேண்டும். ஆய்வுகள் சொன்னது இதைத்தான். நாம் கேட்டுப் பெற வேண்டியதும் இதுதான்.